இச்சிரோ என்றால் ‘முதல் மகன்’தானா? மூன்றாவதாகப் பிறந்தவருக்கு எப்படி வந்தது அந்தப் பெயர்?

நகோயாவாசி
சனி, இரவு 9.40

வணக்கம் நண்பர்களே. ஜப்பானிய மொழி நன்றாகத் தெரிந்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

நாங்கள் நகோயாவுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார், வயது 82. பெயர் இச்சிரோ. எந்தக் கிழமை எந்தக் குப்பையை வெளியே வைக்க வேண்டும் என்பதில் தொடங்கி எங்களுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். என் மகன் அவரைத் தாத்தா என்று தமிழிலேயே கூப்பிடுகிறான், அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டாவது குழந்தை வரப்போகிறது. பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று அவரிடம் சொன்னபோது, உங்கள் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டேன். கேட்பதற்கு முன்பே இணையத்தில் தேடிப் பார்த்திருந்தேன். பெயர்ப் பட்டியல்கள் எல்லாமே ‘இச்சி என்றால் ஒன்று, ரோ என்றால் மகன், ஆக முதல் மகன்’ என்றுதான் சொல்கின்றன. அதை வைத்து, “நீங்கள்தான் வீட்டுக்கு மூத்தவரா?” என்றேன். சிரித்துக்கொண்டே மூன்று விரலைக் காட்டினார். அவருக்கு இரண்டு அண்ணன்கள், இருவரும் இப்போது உயிரோடு இல்லை. “இச்சி கா சிகாவு” என்று இரண்டு தடவை சொன்னார். அப்புறம் யாரோ கூப்பிட, பேச்சு அப்படியே நின்றுவிட்டது.

மூன்றாவது பிள்ளைக்கு எப்படி முதல் மகன் என்று பெயர் வைப்பார்கள்?


வேர்ச்சொல்
சனி, இரவு 10.05

பட்டியலில் இருப்பது சரிதான். முதல் பையன் இச்சிரோ, இரண்டாவது ஜிரோ, மூன்றாவது சபுரோ, நான்காவது ஷிரோ, ஐந்தாவது கோரோ. நம் வீடுகளில் பெரியவன், நடுவுலவன், சின்னவன் என்று கூப்பிடுகிறோமே, அதையே அவர்கள் பெயராக வைத்துவிட்டார்கள்.

பெரியவர் விஷயத்தில் எனக்குத் தோன்றுவது இது: அண்ணன்கள் இருவரும் மூத்த தாரத்துப் பிள்ளைகளாக இருக்கலாம். இவர் தன் தாய்க்கு முதல் மகன், அதனால் இச்சிரோ. இதையெல்லாம் அவரிடம் கேட்பது நன்றாக இருக்காது. விட்டுவிடுங்கள்.


ஓசாகா செல்வி
சனி, இரவு 11.20

வேர்ச்சொல் அண்ணா, எண் வரிசை நீங்கள் சொன்னபடிதான். ஆனால் தாரம், தாய் என்றெல்லாம் போக வேண்டிய தேவையே இல்லை. பெரியவரே விடையைச் சொல்லிவிட்டார். ‘இச்சி கா சிகாவு’ என்றால் ‘இச்சி வேறு’ என்று அர்த்தம். ‘என் பெயரில் இருக்கும் இச்சி நீ நினைக்கிற இச்சி இல்லையப்பா’ என்கிறார்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். ஜப்பானியப் பெயருக்குக் காதால் கேட்டுப் பொருள் சொல்ல முடியாது. எந்தக் கான்ஜி எழுத்தால், அதாவது சீனாவிலிருந்து வந்த பொருளுள்ள எழுத்தால், எழுதுகிறார்கள் என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். அதனால்தான் இங்கே தொலைபேசியில் ஒருவர் பெயரைச் சொன்னதும் ‘எந்த எழுத்து?’ என்ற கேள்வி வந்துவிடும். ‘எண் ஒன்றின் இச்சி, தரோ என்ற பெயரில் வரும் ரோ’ என்று அவரும் பிரித்துச் சொல்வார். நாம் ‘சின்ன ர வா, பெரிய ற வா’ என்று கேட்பதைப் போல இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். நமக்கு எழுத்து மாறினால் அது பிழை. அவர்களுக்கு எழுத்து மாறினால் வேறு பெயர், வேறு பொருள்.

இச்சிரோ என்ற ஒரே ஒலிக்கு நான் பார்த்த சில வடிவங்கள்:

ஒரே ஒரு படுக்கைக் கோடு போட்டால் அது ‘ஒன்று’. அதற்குப் பக்கத்தில் ‘ரோ’ என்ற ஆண்பால் எழுத்து. மிகவும் வழக்கமான வடிவம் இதுதான். 1954 முதல் 1956 வரை பிரதமராக இருந்த ஹதோயாமா இச்சிரோ இப்படித்தான் எழுதினார்.

அதே கோடு, ஆனால் ‘ரோ’ மட்டும் வேறு எழுத்து. இந்த ரோவுக்குத் தெளிவு, பிரகாசம், மலர்ந்த மனம் என்று பொருள். ஆண், மகன் என்ற பொருள் இதில் துளியும் இல்லை.

‘இச்சி’க்கு ஒன்று என்ற எழுத்துக்குப் பதிலாகச் ‘சந்தை’ என்ற எழுத்தைப் போடுவதும் உண்டு. சந்தைக்கும் ஒலி இச்சிதான்.

தொலைக்காட்சியில் செய்தி வழங்கிப் புகழ்பெற்ற ஃபுருதாச்சி இச்சிரோ மூன்று எழுத்தில் எழுதுகிறார். இ, சி, ரோ என்று தனித்தனியாக. நடுவில் உள்ள எழுத்துக்கு ‘அறிதல்’ என்று பொருள். முதல் எழுத்தைத்தான் இத்தாலி நாட்டைச் சுருக்கமாகக் குறிக்கவும் போடுகிறார்கள்!

தலைகீழாகவும் நடக்கும். அந்த ஒற்றைக் கோட்டை மட்டும் பெயராக வைத்தால் பெரும்பாலும் ‘ஹாஜிமே’ என்று படிப்பார்கள், தொடக்கம் என்று பொருள். ஷின்சென்குமி என்ற சாமுராய் படையில் இருந்த சைதோ ஹாஜிமே பெயர் அப்படி எழுதப்படுவதுதான். வேறு பெயர்களில் அதே கோடு ‘கசு’ என்று ஒலிக்கும். ஒரே எழுத்துக்குப் பல ஒலி, ஒரே ஒலிக்குப் பல எழுத்து.

ஆகவே, நகோயாவாசி, பெரியவரிடம் கேட்க வேண்டியது ‘எப்படி எழுதுவீர்கள்?’ என்பதுதான். அது இங்கே மரியாதைக் குறைவே இல்லை. சந்தோஷமாகச் சொல்வார்கள்.


பந்துமட்டை
ஞாயிறு, காலை 7.15

செல்வி அக்கா சொன்ன ‘தெளிவு’ ரோவுக்கு உலகமே அறிந்த உதாரணம் இருக்கிறது: பேஸ்பால் வீரர் இச்சிரோ சுசுகி. அவர் வீட்டுக்கு இரண்டாவது மகன்! பெயரைப் பார்த்து மூத்தவர் என்று நினைக்கிறவர்கள் ஜப்பானிலேயே உண்டு. அவர் பெயரில் உள்ள ரோ ‘மகன்’ ரோ அல்ல, ‘பிரகாசம்’ ரோ. அவருடைய அண்ணன் பெயரும் அதே ஒற்றைக் கோட்டில்தான் தொடங்குகிறது. ஆனால் அண்ணனுக்கு அது ‘கசு’ என்று ஒலிக்கிறது, தம்பிக்கு ‘இச்சி’ என்று.

அந்தப் பெயருக்கு இன்னொரு கதையும் உண்டு. சுசுகி என்பது ஜப்பானில் மிகப் பரவலான குடும்பப் பெயர்களில் ஒன்று, சாதோவுக்கு அடுத்தபடி. எல்லா அணியிலும் ஒரு சுசுகி இருப்பார். 1994-இல் ஓரிக்ஸ் அணியின் மேலாளர் ஓகி அகிரா, இவருடைய ஆட்டப் பதிவுப் பெயரை வெறும் ‘இச்சிரோ’ என்று கத்தகானாவில், அதாவது ஒலியை மட்டும் காட்டும் எழுத்தில், மாற்றினார். குடும்பப் பெயர் போய்விட்டது, கான்ஜியும் போய்விட்டது, ஒலி மட்டும் மிச்சம். அந்த வருடமே 210 ஹிட் (பந்தை அடித்துத் தளம் சேர்வது) அடித்தார். ஜப்பானிய லீக்கில் ஒரே பருவத்தில் 200-ஐத் தாண்டிய முதல் ஆள் அவர்தான். 2001-இல் சியாட்டில் அணிக்குப் போனபோதும் சட்டையின் முதுகில் குடும்பப் பெயர் இல்லை, இச்சிரோ என்றுதான் இருந்தது. 2004-இல் அங்கே 262 ஹிட். 2025-இல் அமெரிக்காவின் பேஸ்பால் புகழ் மண்டபத்துக்குத் தேர்வானபோது 394 வாக்குகளில் 393 அவருக்கு.

அந்த 210-ஐப் பற்றி மட்டுமே எனக்கு ஒரு பக்கம் எழுதத் தோன்றுகிறது. இழை திசை மாறிவிடும் என்பதால் நிறுத்துகிறேன்.


வேர்ச்சொல்
ஞாயிறு, காலை 8.30

நன்றி, இது எனக்குப் புதிது. அப்படியென்றால் ‘ரோ என்றால் மகன்’ என்பதும் முழுக்கச் சரியில்லையா? ஒரு தளத்தில் ரோவுக்கு ‘ஓநாய்’ என்றுகூடப் போட்டிருக்கிறார்கள்.


ஓசாகா செல்வி
ஞாயிறு, காலை 10.10

ஓநாய் வேறு எழுத்து அண்ணா, ஒலி ஒன்று என்பதால் கலந்துவிட்டார்கள். ஆனால் அந்தக் குழப்பத்துக்குள் அழகான ஒரு விஷயம் இருக்கிறது.

‘நல்லது’ என்ற பொருளுள்ள ஒரு கான்ஜி உண்டு. அதையே ஒரு துண்டாகக் கொண்டு பல எழுத்துகள் உருவாகின. பக்கத்தில் ஊரைக் குறிக்கும் உறுப்பைச் சேர்த்தால் நம் இச்சிரோவின் ரோ. நிலவைச் சேர்த்தால் பிரகாசமான ரோ. விலங்கைக் குறிக்கும் உறுப்பைச் சேர்த்தால் ஓநாய். நீரைச் சேர்த்தால் அலை. தலைவன் இல்லாத சாமுராயை ரோனின் என்கிறார்களே, அதில் வருவது இந்த அலைதான். எல்லாவற்றிலும் அந்த ‘நல்லது’ என்ற துண்டு ஒலியைக் காட்டவே நிற்கிறது. அதை வைத்து ‘நல்ல ஊர்க்காரன்’ என்று பொருள் பிரிப்பது தவறு.

இச்சிரோவின் ரோ சீனாவிலிருந்து வந்தது. ஹான் காலத்தில் அரசவையில் பணி செய்த ஒருவகை அலுவலர்களுக்கு அந்த எழுத்துதான் பதவிப் பெயர். பிறகு இளைஞன், ஆடவன், மனைவி கணவனைக் குறிப்பிடும் சொல் என்று பொருள் விரிந்தது. ஆக ‘மகன்’ என்பதைவிட ‘ஆண்பிள்ளை’ என்பது நெருங்கி வரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஜப்பானியரின் சொந்தச் சொல்லில் ஒன்று என்பது ‘ஹிதோ’. இச்சி சீன வழி வந்த ஒலி, ரோவும் அப்படியே. ஆகவே ஒலியளவில் இச்சிரோ முழுக்க முழுக்கக் கடன் வாங்கிய பெயர்.


பழஞ்சுவடி
ஞாயிறு, மதியம் 2.45

தோற்றம் பற்றியும் தலைப்பு இருப்பதால் கொஞ்சம் பின்னோக்கிப் போகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெய்ஜி காலத்துக்கு (1868-1912) முன்பு ஒரு சாமுராய்க்கு வாழ்நாளில் ஒரே பெயர் இருந்ததில்லை. சிறுவயதுப் பெயர் ஒன்று. வயது வந்ததும் கென்புகு என்ற சடங்கு நடக்கும். அதில் இமினா என்ற உண்மைப் பெயர் சூட்டுவார்கள். ஆனால் அந்த உண்மைப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது பெரிய அவமரியாதை. அதனால் நாள்தோறும் கூப்பிட ஓர் அழைப்புப் பெயர் வேண்டியிருந்தது. தரோ, ஜிரோ, சபுரோ எல்லாம் அந்த இடத்துக்கு வந்தவைதான். வேர்ச்சொல் சொன்ன ‘பெரியவன், சின்னவன்’ ஒப்புமை இந்தக் கட்டத்துக்கு மிகவும் பொருந்தும்.

அந்தக் காலத்தில் முதல் பையனுக்கு இச்சிரோவைவிடத் தரோ என்பதுதான் பெருவழக்கு. ‘த’ என்பது பெரிய, பருத்த என்ற பொருளுள்ள எழுத்து. பதினொன்றாம் நூற்றாண்டின் பெரிய போர்வீரர் மினமோதோ நோ யோஷியே. இவாஷிமிசு ஹச்சிமான் கோயிலில் அவருக்குக் கென்புகு நடந்தது. அதனால் ‘ஹச்சிமான் தரோ’ ஆனார். தம்பிகளில் ஒருவர் கமோ கோயிலில் சடங்கு செய்துகொண்டு ‘கமோ ஜிரோ’, மற்றவர் ‘ஷின்ரா சபுரோ’. கோயில் பெயரும் பிறந்த வரிசையும் சேர்ந்து ஓர் ஆளின் அடையாளம் ஆகிவிட்டது.

மினமோதோ நோ யோஷித்சுனே ஒன்பதாவது மகன், அவர் ‘குரோ’. பத்துக்கு மேலே போனால்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். 1185-இல் யாஷிமா கடற்போரில், படகில் கட்டியிருந்த விசிறியை அம்பால் வீழ்த்தியதாகப் புகழ்பெற்ற நசு நோ யோய்ச்சி பதினோராவது பிள்ளை. யோய்ச்சி என்றால் ‘பத்துக்கு மேல் மிஞ்சிய ஒன்று’.

தந்தை ஷிரோ, அதாவது நான்காவது என்று அழைக்கப்பட்டால் மகனைக் ‘கோஷிரோ’, சின்ன ஷிரோ, என்று கூப்பிட்டதும் உண்டு. ஹோஜோ தொகிமாசாவும் அவர் மகன் யோஷிதோகியும் அப்படித்தான். இங்கே மகன் பெயரில் இருக்கும் நான்கு, மகனுடைய வரிசை எண்ணே இல்லை. 1193-இல் ஃபூஜி மலையடிவார வேட்டையில் தந்தைக்காகப் பழிவாங்கிய சோகா சகோதரர்களைப் பாருங்கள். அண்ணன் ஜூரோ, அதாவது பத்து. தம்பி கோரோ, அதாவது ஐந்து. கமகுரா காலத்திலேயே எண்ணை அப்படியே நம்ப முடியாது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.

பிறகு மெய்ஜி அரசு வந்தது. 1870-இல் பொதுமக்களும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்றது, 1875-இல் கட்டாயம் வைக்க வேண்டும் என்றது. நடுவில் 1872-இல் வந்த ஆணைதான் நமக்கு முக்கியம்: ஒருவருக்கு ஒரு பெயர்தான். உண்மைப் பெயர், அழைப்புப் பெயர் இரண்டில் ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் ஜப்பானின் முதல் பிரதமரான இதோ ஹிரோபுமி உண்மைப் பெயரை வைத்துக்கொண்டார். இன்னோர் அரசியல் தலைவரான இதகாகி தாய்சுகே அழைப்புப் பெயரை வைத்துக்கொண்டார். அப்படித்தான் இச்சிரோவும் ஜிரோவும், கூப்பிடும் பெயர் என்ற நிலையிலிருந்து பதிவேட்டுப் பெயராக ஆனார்கள்.

உண்மைப் பெயரை எவ்வளவு மறைத்து வைத்திருந்தார்கள் என்பதற்கு, மெய்ஜி அரசை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரான சைகோ தகமோரி கதையைச் சொல்வார்கள். எல்லோரும் அவரைக் கிச்சினோசுகே என்ற அழைப்புப் பெயரால்தான் அறிந்திருந்தார்கள். புதிய அரசு பட்டம் கொடுக்கையில் உண்மைப் பெயர் கேட்டபோது, நண்பர் நினைவிலிருந்து ‘தகமோரி’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அது அவருடைய தந்தையின் பெயர்! இவருடைய பெயர் தகனாகா. ஆனால் பதிவானது பதிவானதுதான். இன்று உலகம் அவரைத் தந்தையின் பெயரால் அறிகிறது.


மழைக்குருவி
ஞாயிறு, மாலை 6.00

சைகோ கதையைப் படித்ததும் என் அப்பாயி நினைவு வந்துவிட்டது. தாத்தாவின் பெயரை அவர் வாயால் சொல்லிக் கேட்டதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால் என்னைச் சொல்லச் சொல்வார்.

நான் இருப்பது யோகோஹாமா. என் மகன் போகும் மழலையர் காப்பகத்தில் ஓர் இச்சிரோகூட இல்லை. ஹருதோ இருக்கிறான், மினாதோ இருக்கிறான், ரென் இரண்டு பேர் இருக்கிறார்கள். எண் பெயர்களின் காலம் முடிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.


பழஞ்சுவடி
ஞாயிறு, மாலை 6.40

முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். முன்னாள் பிரதமர் கொய்சுமி ஜுன்-இச்சிரோ வீட்டையே பாருங்கள். அவர் பெயரில் இச்சிரோ. நடிகரான மூத்த மகன் கோதரோ. அரசியலில் இருக்கும் இரண்டாவது மகன் ஷின்ஜிரோ. தரோ மூத்தவனுக்கு, ஜிரோ இளையவனுக்கு, பிசகவே இல்லை. முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்துப் பெயரைத் தனித்துவமாக்கிவிட்டு, பின்னால் வரிசையையும் காப்பாற்றுகிறார்கள். ஹோண்டா நிறுவனத்தைத் தொடங்கிய சோ-இச்சிரோ, டொயோட்டா கார் நிறுவனத்தைத் தொடங்கிய கி-இச்சிரோ இருவருமே மூத்த மகன்கள்.


ஓசாகா செல்வி
ஞாயிறு, இரவு 8.15

ஐயா, வரலாற்றுப் பதிவுக்கு மிக்க நன்றி. ஆனால் இதில் எனக்கு மாறுபட்ட கருத்து. கொய்சுமி பரம்பரை அரசியல் குடும்பம், அங்கே பெயரும் ஒரு சொத்து. ஹோண்டா பிறந்தது 1906. இவற்றை வைத்து இன்றைய வழக்கைச் சொல்ல முடியாது. இன்றைக்கும் ‘கோதரோ’ என்ற பெயர் நிறைய வைக்கிறார்கள். அதிலும் புலி என்ற எழுத்தைப் போட்டு எழுதும் கோதரோ. அந்தப் பெற்றோர்களிடம் கேட்டால் ‘கம்பீரமாக இருக்கிறது, பழமையின் வாசனை இருக்கிறது’ என்பார்கள். இரண்டாவது மகனுக்கும் தயங்காமல் வைக்கிறார்கள். தரோ என்பது வரிசையைச் சொல்வதை விட்டுவிட்டு ஆண்மையான ஒரு முடிப்பாகிவிட்டது.

எண் என்றதும் பிறந்த வரிசைதான் என்று நினைப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே பேரரசரின் ஆட்சியை வைத்து வருடத்தை எண்ணுவார்கள், அதுதான் யுகம். ஷோவா யுகத்தின் இரண்டாம் வருடம் 1927. அந்த வருடம் பிறந்த ஏராளமான பையன்களுக்கு ‘ஷோஜி’ என்று பெயர். ஷோவாவின் முதல் எழுத்து, கூடவே இரண்டு. அடுத்த வருடம் பிறந்தவர்களில் ‘ஷோசோ’க்கள், ஷோவாவுடன் மூன்று. அந்தப் பையன் வீட்டுக்கு மூத்தவனாகவே இருக்கலாம். எண் சொல்வது யுகத்தின் வருடத்தை. கடற்படைத் தளபதி யமமோதோ இசோரோகு பெயரில் இருப்பது ஐம்பத்தாறு என்ற எண். 1884-இல் அவர் பிறந்தபோது தந்தைக்கு வயது 56!

ஒன்று என்றால் முதல் மகன் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதும் பெயர்ப் பட்டியல்களைப் பார்த்தால் எனக்கு வருத்தம்தான் வருகிறது. இங்கே ஒரு பெயரை முடிவு செய்ய, பெற்றோர் பல இரவு அகராதியும் கையுமாக உட்கார்ந்து எழுத்தைத் தேடுகிறார்கள். கோடுகளின் எண்ணிக்கையைக் கூட்டி நல்லது கெட்டது பார்க்கும் வழக்கமும் உண்டு, நம் பெயர் எண் கணிதம் போலவே. ஆண்பிள்ளை ரோவுக்கு ஒன்பது கோடு, பிரகாச ரோவுக்குப் பத்து. அந்த ஒரு கோட்டுக்காகவே எழுத்தை மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். அத்தனையையும் ‘முதல் மகன்’ என்று இரண்டு சொல்லில் அடக்கிவிடுகிறார்கள்.


பழஞ்சுவடி
ஞாயிறு, இரவு 8.50

ஷோஜி உதாரணத்தை ஒப்புக்கொள்கிறேன், அது வலுவானது. தரோ வெறும் முடிப்பாகிவிட்டது என்பதை மட்டும் முழுதாக ஏற்க மனம் வரவில்லை. மூத்தவனுக்கு ஜிரோ என்று வைக்கும் வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.


ஓசாகா செல்வி
ஞாயிறு, இரவு 9.00

அது உண்மைதான் ஐயா. ஜிரோவில் வரிசை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.


வேர்ச்சொல்
திங்கள், காலை 6.50

எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். தமிழில் இந்தப் பெயர்களை எழுதுவது பற்றி.

பல இடங்களில் ‘டாரோ’ என்று எழுதுகிறார்கள். ஜப்பானிய ஒலியில் முதல் எழுத்து குறில், இரண்டாவது நெடில். அதுவும் டகரத்தைவிடத் தகரத்துக்குத்தான் நெருக்கம். எனவே செல்வியும் பழஞ்சுவடியும் எழுதுவது போலத் ‘தரோ’தான் சரி. ஒகரத்துக்குக் குறில் நெடில் இரண்டும் நம்மிடம் இருப்பது பெரிய வசதி. ஆங்கில எழுத்தில் படிப்பவருக்கு அந்த வேறுபாடு கண்ணிலேயே படாது.

இச்சிரோவில் மட்டும் நமக்கு இடைஞ்சல். ‘இசிரோ’ என்று எழுதினால் நாம் சகரத்தை மென்மையாக்கி ‘ஸி’ போலப் படித்துவிடுவோம். வல்லினம் கேட்க வேண்டுமென்றால் ச்ச என்று இரட்டிக்கத்தான் வேண்டும். ஆனால் அவர்களுடைய உச்சரிப்பில் அங்கே இரட்டிப்பு இல்லை. எழுதுவது இச்சிரோ, சொல்லும்போது ச்-இல் நிற்காமல் போக வேண்டும்.


ஓசாகா செல்வி
திங்கள், காலை 11.30

அருமையான குறிப்பு அண்ணா. கடைசியில் ரோவை நன்றாக இழுக்க வேண்டும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நகோயாவாசிக்கு ஒரு யோசனை. கோசெகி என்ற குடும்பப் பதிவேட்டில் முன்பு பெயரின் எழுத்து மட்டும்தான் இருந்தது, எப்படிப் படிப்பது என்பது இல்லை. நம்பச் சிரமமாக இருக்கும், ஆனால் உண்மை. நகராட்சியின் வசிப்பிடப் பதிவில் வசதிக்காகக் குறித்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். குழந்தை பிறந்து 14 நாளுக்குள் பதிய வேண்டும். அனுமதித்த எழுத்துகளில் எழுத வேண்டும், பொதுப் பயன்பாட்டு எழுத்துகள் 2136, பெயருக்கென்று மேலும் 863. ஆனால் அந்த எழுத்தை எப்படிப் படிப்பது என்பதில் பெற்றோருக்கு ஏறக்குறைய முழுச் சுதந்திரம் இருந்தது. 2025 மே 26 முதல் சட்டம் மாறிவிட்டது. இனி வாசிப்பும் பதிவேட்டில் ஏறும், அது பொதுவாக ஏற்கத்தக்க வாசிப்பாகவும் இருக்க வேண்டும்.

அதற்காக ‘உங்கள் பெயரை இப்படித்தானே படிக்க வேண்டும்?’ என்று கேட்டு 2025-இல் வீடு வீடாக அஞ்சலட்டை வந்தது. பெரியவருக்கும் வந்திருக்கும். அதைக் காட்டச் சொல்லுங்கள். எழுத்தும் ஒலியும் ஒரே இடத்தில் இருக்கும்.


நகோயாவாசி
புதன், இரவு 9.15

எல்லோருக்கும் நன்றி. இன்று மாலை கொஞ்சம் மாம்பழம் எடுத்துக்கொண்டு போனேன். ‘இச்சி கா சிகாவு’ என்றதும் அவருக்கு நினைவு வந்துவிட்டது. செல்வி அக்கா சொன்னபடி அஞ்சலட்டையைப் பற்றிக் கேட்டேன். உள்ளே போய் எடுத்து வந்தார். அனுப்பியது நகோயா நகராட்சி இல்லை, யொக்கைச்சி நகராட்சி. அவருடைய குடும்பப் பதிவேடு இன்னும் சொந்த ஊரில்தான் இருக்கிறதாம்.

பெயரைப் பார்த்தேன். ஒற்றைக் கோடு இல்லை. அக்கா சொன்ன சந்தை!

செய்தித்தாளோடு வந்த விளம்பரத் தாளைத் திருப்பி, பின்பக்கம் பெரிதாக எழுதிக் காட்டினார். முதலில் ஊரின் பெயர். யொக்கைச்சி என்றால் ‘நான்காம் நாள் சந்தை’. 4, 14, 24 தேதிகளில் அங்கே சந்தை கூடுமாம். அதன் கடைசி எழுத்தை வட்டமிட்டு, தன் பெயரின் முதல் எழுத்தோடு ஒரு கோட்டால் இணைத்தார். இரண்டும் ஒன்று. அதே எழுத்துக்கு நகரம் என்ற பொருளும் உண்டு, அப்போது ‘ஷி’ என்று படிக்க வேண்டும். ஆகவே யொக்கைச்சி நகரம் என்று எழுதினால் அந்த எழுத்து பக்கத்தில் பக்கத்தில் இரண்டு முறை வருகிறது, முதலாவது இச்சி, அடுத்தது ஷி. அதைக் காட்டும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அவருடைய அப்பா அந்த ஊரின் பான்கோ மண்பாண்டங்களை, முக்கியமாகத் தேநீர்க் கெண்டிகளை, சந்தை சந்தையாகக் கொண்டுபோய் விற்றவர். இவர் பிறந்தது 1943. போர் உச்சத்தில் இருந்த நேரம். விற்கச் சரக்கும் இல்லை, வாங்க ஆளும் இல்லை, வீட்டில் கடை விரிக்கும் பாய் சுருட்டியே கிடந்ததாம். அப்போது பிறந்த பையனுக்கு அப்பா சந்தை என்று பெயர் வைத்தார். இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். நானும் பேசவில்லை.


வேர்ச்சொல்
புதன், இரவு 9.50

படித்து நெகிழ்ந்துவிட்டேன். தாரம், தாய் என்று முதல் நாள் நான் எழுதிய ஊகத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், மன்னியுங்கள்.

அண்ணன்களின் பெயர்களைக் கேட்டீர்களா?


நகோயாவாசி
புதன், இரவு 10.20

கேட்டேன். சொல்ல மறந்துவிட்டேன். இரண்டாவது அண்ணன் செய்ஜி, அதில் ‘ஜி’ இரண்டு என்ற எழுத்து. மூத்தவர் யோஷிகசு. அந்தப் பெயரை அவர் எழுதியபோது கடைசியில் ஒரு படுக்கைக் கோடு மட்டும் போட்டார். ‘ஒன்று’ அண்ணனிடம் இருக்கிறது என்றார்.